வாஜா பெரியப்பாவின் பாட்டில்

தெக்லேயின் அப்பா திபிலிசி நகரில் பேருந்து ஓட்டினார். ஒருநாள் துருப்பிடித்த தகரம் காலைக் கிழித்தது. சீழ் வைத்தது. மருத்துவர் சுண்டுவிரலை வெட்டி எடுத்தார்.

"பத்து நாள் பார்ப்பேன். சீழ் நிக்கலைன்னா பாதத்தையே எடுத்துடணும்" என்றார்.

பாதம் இல்லாதவரிடம் பேருந்தைக் கொடுக்க மாட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

காலையும் மாலையும் புண்ணில் ஒரு மருந்தை ஊற்ற வேண்டும். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் போல இருக்கும். அந்த வேலையை வாஜா பெரியப்பா எடுத்துக்கொண்டார். முதலில், தானே காய்ச்சிய திராட்சைச் சாராயத்தைக் கட்டிலடி பாட்டிலிலிருந்து ஊற்றிப் புண்ணைக் கழுவுவார். அப்பா பல்லைக் கடிப்பார். ஈரம் காய்வதற்குள் மருந்து.

நாலு நாளாகியும் சீழ் நிற்கவில்லை.

"மருந்தா இது? குழாத்தண்ணி! என் சாராயம் இல்லைன்னா இந்நேரம் காலே போயிருக்கும்" என்றார் பெரியப்பா.

அந்த மருந்தைச் செய்யும் ஆய்வகத்தில்தான் மேல்மாடி ம்ஸியா வேலை பார்த்தாள். தெக்லே அவளிடம் போனாள்.

"அக்கா, குப்பிக்குள்ள என்னதான் இருக்கு?"

"வைரஸ். பயப்படாதே, மனுஷங்களை ஒண்ணும் பண்ணாது. கிருமியைத்தான் பிடிக்கும். சாக்கடைத் தண்ணியிலேர்ந்து பிரிச்சு எடுக்கிறோம்."

"உவ்வே! அது எப்படிக் கிருமியைக் கொல்லும்?"

"கிருமிக்குச் சுத்தி ஒரு சுவர் உண்டு. வளர வளரக் கட்டிக்கிட்டே இருக்கணும். இந்த வைரஸ் உள்ளே புகுந்து, அந்தக் கிருமியை வெச்சே ஒரு புரதம் செய்யும். அது போய், சுவர் கட்டுற கொத்தனார் கையைப் பிடிச்ச மாதிரி, கட்டுற வேலையை நிறுத்திடும். சுவர்ல ஓட்டை விழும். கிருமி உப்பி வெடிச்சிடும்."

"அப்பாவுக்கு ஏன் வெடிக்கலை? பெரியப்பா சாராயத்துல கழுவிட்டு உடனே ஊத்துறாரே."

ம்ஸியாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. "சாராயமா? அது பட்டா வைரஸே செத்துடுமேடி!"

ம்ஸியாவே வந்து சொன்னாள். பெரியப்பா கேட்கவில்லை. தெக்லேயும் சொல்லிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க!" என்று கேலி செய்தார் பெரியப்பா. "நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே காயத்துக்குச் சாராயம் ஊத்தினவன்டி நான்!"

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிர்த்துப் பேச முடியாது; குடியிருக்கும் வீடு பெரியப்பாவுடையது.

அன்று மாலை தெக்லே கட்டிலடி பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். நன்றாகக் கழுவி, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை நிரப்பினாள். வாசனைக்காக மூடியின் வெளிப்பக்கம் மட்டும், எடுத்து வைத்திருந்த துளிச் சாராயத்தைத் தடவினாள்.

பெரியப்பா வழக்கம்போலக் கழுவினார். அப்பா பல்லைக் கடிக்கவில்லை. தெக்லேயை ஒருமுறை பார்த்தார்.

பாட்டிலை மாற்றிய மூன்றாம் நாள் சீழ் குறைந்தது. மருத்துவர் குறித்த பத்தாம் நாள் வந்தது; அவர் பாதத்தை அழுத்திப் பார்த்தார். "இது இருக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. வாழ்த்துச் சொல்லி விருந்தை நடத்தும் மேசைத் தலைவர் பெரியப்பாதான். அவர் வாழ்த்துச் சொன்னால் எல்லோரும் கோப்பையைக் காலி செய்தே ஆக வேண்டும், முதலில் அவரே.

"தம்பியோட காலைக் காப்பாத்தினது எது? என் சாராயம்! அந்த பாட்டிலையே கொண்டா, தெக்லே!"

தெக்லே கொண்டுவந்து விளிம்புவரை ஊற்றினாள்.

பெரியப்பா கோப்பையை அப்படியே வாயில் கவிழ்த்தார். கண்கள் விரிந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக விழுங்கினார்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றார் அப்பா.

"நல்லா... நல்லாத்தான் இருக்கு."

அப்பாவின் செருப்பில் சுண்டுவிரல் இருந்த இடம் காலியாக இருந்தது. தெக்லே அதைப் பார்த்தாள். பிறகு பாட்டிலைத் தூக்கினாள்.

"இன்னொண்ணு ஊத்தட்டுமா, பெரியப்பா?"