சத்தம் கேட்டுச்சே…

சதீஸ் காலை ஐந்தரைக்கு எழுந்தான். தண்ணீர் கொதிக்க வைத்தான். தேநீர் ஊற்றி நின்றபடி குடித்தான். குளித்தான். சட்டை மாற்றினான். மாடியிலிருந்து இறங்கி ஸ்டூடியோவின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். வாசலில் தண்ணீர் தெளித்தான். சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினான். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை ஹுஸைன் நானாவிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். ஆறே முக்காலுக்குக் கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குருவிட்ட டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

மனைவி சுஜீதா இறந்து இரண்டு வருடமும் ஐந்து மாதமும் ஆகியிருந்தது. எட்டு நாள் காய்ச்சல். அவ்வளவுதான். அதன் பிறகு நாட்கள் எல்லாம் இதே வரிசையில் வந்தன. அவனுக்கு அதில் குறை இல்லை. வரிசை இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை.

இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் வீதியில் கேமராவை வெளியே எடுத்தாலே யாராவது பொலிசுக்குச் சொல்வார்கள். 2003இல் சண்டை நின்றிருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று படம் எடுக்க முடிந்தது. ஆனாலும் கேமராவைக் கண்டதும் மாணிக்கக் குழி வேலைக்குப் போகிறவர் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொள்வார். மரக்கறி விற்கிற அம்மா முகத்தைத் திருப்புவார். பள்ளிப் பிள்ளைகள் விறைத்து நிற்பார்கள்.

சதீஸ் அவசரப்படுவதில்லை. ஒளிந்து நிற்பதும் இல்லை. பஸ் நேரம் எழுதுகிறவரின் கூண்டுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிற்பான். முதலில் மழையை எடுப்பான். பிறகு நாயை. யாராவது முகம் சுளித்தால் கேமராவை இறக்கிவிடுவான். அன்று முழுக்க அந்தப் பக்கம் உயர்த்த மாட்டான். பத்து நாளில் அவனைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் சலித்துவிடும். அதற்குப் பிறகு அவரவர் முகம் அவரவருக்குத் திரும்பி வரும். அந்த முகம்தான் அவனுக்கு வேண்டும்.

அன்று நல்ல மழை. இரத்தினபுரிப் பக்கத்து மழைக்கு மழைக்காலம் என்று தனியாக எதுவும் கிடையாது.

கூரைக்குக் கீழே இரண்டு பெண்கள். ஒருத்தி ஒட்டுப் போட்ட கறுப்புக் குடையை உதறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். பெரிய கண்கள்… மழையை ஏதோ கணக்குக் கேட்பது போலப் பார்க்கிற கண்கள். இமையில் ஒரு துளி, விழுவதா நிற்பதா என்று தொங்கியது.

சதீஸின் விரல் தானாக அழுத்தியது.

கிளிக்.

அவள் திரும்பினாள். நேராக அவன் முன்னால் வந்து நின்றாள். சிங்களத்தில் கேட்டாள், தன்னைப் படம் எடுத்தாரா என்று. அவனும் சிங்களத்திலேயே, இல்லை மிஸ் என்றான்.

கடைத்தெருவில் முதல் வார்த்தை சிங்களமாக இருப்பது எல்லாருக்கும் பழக்கம். அதனால் அவள் அவனைச் சிங்களவன் என்றே முடிவுசெய்துவிட்டாள். தோழியிடம் திரும்பி, சத்தமாகத் தமிழில் சொன்னாள்.

"பொய் சொல்றான் நிரோஷா. அந்த முழியப் பாரு. ஆந்த மாதிரி."

"மெதுவாப் பேசுடி…"

"அவனுக்கு என்னா வெளங்கப் போவுது? ஆளும் தாடியும்… கேமராவத் தூக்கிக்கிட்டுக் காலங்காத்தாலேயே வந்துட்டான்."

சதீஸ் கேமராவின் மூடியைப் போட்டான்.

"ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியாதுங்க," என்றான் தமிழில். "அதனால பயப்படாதீங்க."

நிரோஷா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். ஆந்தை என்றவளுக்கோ காது வரை சிவந்தது. அந்த நேரம் பார்த்து ஏழு இருபது பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்… பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்கிறோம் என்பது அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அவள் பெயர் விஜயகலா. கடைத்தெருவில் சில்லறைக் கடை வைத்திருக்கும் பழனியப்பனின் தங்கை. மலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப் போகிற முப்பது குழந்தைகளை அவளும் நிரோஷாவும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஊரில் இருவருக்கும் டீச்சர் என்றுதான் பேர்.

அடுத்த நாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும்.

"நேத்து எடுத்தீங்கதானே?"

"இல்லைங்க டீச்சர்."

"சத்தம் கேட்டுச்சே…"

"சத்தம் மட்டுந்தாங்க."

"முப்பது பிள்ளைகளோட பொய்யத் தினமும் கேக்கிறவ நான். எங்கிட்டயா?"

அவன் லென்ஸைத் துடைத்தான். மறுநாள் நேரத்துக்கு முன்பே வந்து நின்றான். அவளும் ஏழு மணிக்கே வந்துவிட்டாள். ஒருநாள் அவன் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். மரக்கறிக்கார அம்மாவை அவன் பத்து நிமிடம் பார்க்கவே இல்லை. அந்த அம்மா எதையோ நினைத்துத் தனக்குள் முணுமுணுத்துச் சிரித்த நொடியில் கிளிக். பிறகு அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். அம்மா கையை வீசி, போடா போ என்றார். கோபமில்லை.

"எடுத்த பொறகு ஏன் கும்புடுறீங்க?"

"எடுத்துட்டு ஓடினா அது திருட்டு மாதிரி இருக்கும்."

"அவுங்க வேணாம்னா?"

"கிழிச்சிருவேன்."

"ஒங்களுக்கு இதுல என்னா கெடைக்குது?"

அவன் யோசித்தான். "காலையில வர ஒரு எடம் கெடைக்குது," என்றான்.

 பஸ்ஸில் போகும்போது நினைத்தாள்… இந்த மனுசன் எவ்வளவு குறைவாகப் பேசுகிறான். பேசியதை மட்டும் நாள் முழுக்க வைத்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறதே.

மூன்று மாதம் ஓடியது. அவள் பக்கம் தினமும் ஒரு கிளிக். அவள் இப்போது திரும்புவதில்லை. கேட்காத மாதிரி நிற்பாள். ஒட்டுப் போட்ட குடை போய், ஊதாக் குடை வந்திருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பழனியப்பன் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்.

"தம்பி, நான் சுத்தி வளைச்சுப் பேசல. கொடகவெலயிலருந்து தங்கச்சிய ஒரு எடத்துல கேட்டிருக்காங்க. நல்ல எடம். மாப்பிள்ள தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கர். இந்த நேரத்துல, ஒங்க கடையில அவ படம் நூறு கெடக்குனு ஊரு பேசுது."

"ஒன்னும் இல்லைங்க அண்ணன்."

"பொண்டாட்டி செத்த மனுசன். நான் ஒங்களக் கொற சொல்லல. ஆனா நாளைக்கு அந்தப் படம் எங்கயாச்சும் வெளிய போனா, அழிஞ்சு போறது எங்க வீட்டுப் பிள்ள."

சதீஸ் கேமராவை மேசையில் வைத்தான். பின்பக்கத்தைத் திறந்தான்.

பழனியப்பன் எட்டிப் பார்த்தார். உள்ளே சுருள் இல்லை. கறுப்பாக ஒரு பள்ளம்.

"பிலிமு எங்க?"

"போடுறதில்ல."

"எப்பயிருந்து?"

"ரெண்டு வருசத்துக்கு மேல. கடைக்கு உள்ள எடுக்கிறது வேற கேமரா. வெளிய கொண்டு போறது இது."

பழனியப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிம்மதிச் சிரிப்பு. "நல்ல மனுசன்யா நீங்க," என்று தோளில் தட்டினார். "அப்ப ஒன்னு செய்ங்க. தரகருக்கு ஒரு முழுப் படம் வேணும். நாளைக்கு அவள அனுப்புறேன். நல்லா எடுத்துக் குடுங்க."

இராத்திரிச் சாப்பாட்டில் அவர் இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "வெறும் பெட்டி! மூனு மாசமா வெறும் பெட்டிய வச்சு டிக்கு டிக்குனு அடிச்சிருக்கான்!" அண்ணியும் சிரித்தாள்.

விஜயகலா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஏன் இப்படி வலிக்கிறது? எடுக்கவில்லை என்றால் நல்லதுதானே. முதல் நாள் சண்டை பிடித்ததே எடுக்கக் கூடாது என்றுதானே… ஆனாலும் மூன்று மாதம்! ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, அவனுக்கு என்னை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையா?

சனிக்கிழமை பத்து மணிக்கு நிரோஷாவோடு வந்தாள். மாம்பழ நிறச் சேலை. கண்ணில் இரவு தூங்காத சிவப்பு. நிரோஷா இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள். "ஹுஸைன் நானா கடையில வட சூடா இருக்காம்," என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பின்திரையில் ஒரு ஏரியும் வெள்ளைப் படிக்கட்டும் வரைந்திருந்தது. விஜயகலா அதற்கு முன்னால் போய் நின்றாள்.

"எடுங்க. இதுலயாச்சும் பிலிமு இருக்கா, இல்ல இதுவும் சத்தம் மட்டுமா?"

அவன் ஒரு முக்காலியை அவள் முன்னால் இழுத்துப் போட்டான்.

"குடைய மாத்தினேன். தெரியுமா? ஒட்டுப் போட்ட குட படத்துல விழும்னு, சம்பளம் வந்த அன்னைக்கே போய் வாங்கினேன். கேட்டும் கேக்காத மாதிரி நிக்க நிரோஷாகிட்ட பழகினேன். வெறும் பெட்டிக்கு!"

"நான் அன்னைக்கே சொன்னேனே டீச்சர், சத்தம் மட்டுந்தான்னு…"

"நெசத்தச் சொன்னா நம்புற மாதிரி சொல்லணும்!"

சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகித உறையை எடுத்தான். படங்களை ஏரிப் படத்துக்கு முன்னால் இருந்த முக்காலியில் பரப்பினான்.

எல்லாவற்றிலும் ஒரே பெண். அடுப்படியில், கிணற்றடியில், பஸ்ஸில், வாசலில். எல்லாவற்றிலும் ஒரு கை, கேமராவை மறிக்கிற கை. விரல்களுக்கு இடையில் ஒரு கன்னம், அரைக் கண், சலிப்பு.

"சுஜீதா," என்றான். "தலைய வாரிக்கிறேன், இருங்கன்னுவா. நான் இருக்க மாட்டேன். தெரியாம எடுத்தாத்தான் நல்லா இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு. எல்லாத்தையும் ஓடி ஓடி எடுத்தேன்… இப்பப் பார்த்தா மொகம் ஒன்னும் இல்ல. கல்யாணப் படத்துல இருக்கிறது வேற யாரோ மாதிரி இருக்கு."

வெளியே மழை தொடங்கியது. வாசல் தகரக் கூரை முதலில் ஒவ்வொரு துளியாகச் சொல்லி, பிறகு மொத்தமாகச் சொன்னது.

"அதுக்குப் பொறகு யாரையும் நான் கை தூக்க வைக்கல. பத்து நாள் பிலிம் இல்லாமப் பழகி, பொறகு போடணும்னு நெனச்சேன். பத்து நாள் முடிஞ்சது. போடல. ரெண்டு வருசம் போயிருச்சு."

விஜயகலா ஒரு படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாக, முகம் மேலே இருக்கும்படி, திரும்ப வைத்தாள்.

"நான் எப்பவாச்சும் கை தூக்கினேனா?"

"இல்ல."

"பொறகு?"

அவன் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டான். பேசிப் பழக்கமில்லாத வாய்.

"போன மாசம் இதுக்குன்னே நல்ல பிலிமா வாங்கினேன். கொழும்புக்குப் போய். ஒங்கள எடுக்கத்தான். போட்டுட்டு ரெண்டு தரம் கழட்டினேன். பயம்… இப்ப ஒங்க அண்ணன் எடுக்கச் சொல்லிட்டாங்க. அந்தப் படம் கொடகவெலைக்குப் போகும். என்னால அத எடுக்க முடியாது டீச்சர். இரத்தினபுரியில நல்ல ஸ்டூடியோ இருக்கு. அங்க போங்க."



அவள் அவனையே பார்த்தாள். ஆந்தை முழி… எவ்வளவு நல்ல முழி.

"ரெண்டாந்தாரமான்னு அண்ணன் கத்தும்," என்றாள் மெல்ல, யாரிடமோ கணக்குச் சொல்வது போல. "ரெண்டு நாளைக்குக் கத்தும். பொறகு அண்ணி பேசிக்குவாங்க. அண்ணிக்கு என்னைய கொடகவெல வரைக்கும் அனுப்ப இஷ்டமில்ல."

"டீச்சர்…"

"கலான்னு கூப்புடலாம். அந்தப் பிலிம எடுத்துப் போடுங்க."

அவன் வெளியே கொண்டு போகும் கேமராவில் போட்டான். நுனி இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை பிடித்தது. மூடினான், சுற்றினான்.  அவள் ஏரியையும் படிக்கட்டையும் விட்டு விலகி, ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மழை வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்தது. யாருக்காகவும் அவள் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கொஞ்சம் அழுத மூக்கு, கொஞ்சம் சிரிக்கிற வாய்.

மூன்று எடுத்தான். நான்காவதுக்கு நிறுத்தி, கேமராவை இறக்கி, வெறும் கண்ணால் பார்த்தான்.

வாசலில் நிரோஷா வேண்டுமென்றே இருமினாள். வடைப் பொட்டலத்தின் வாசம் வந்தது. விஜயகலா சேலைத் தலைப்பைச் சரிசெய்து, படியிறங்கப் போனவள், நின்று திரும்பினாள்.

"படம் ஒன்னும் சரியா வரலைன்னு அண்ணன்கிட்ட சொல்லிருங்க. கடையில வச்சு இல்ல… வீட்டுக்கு வந்து சொல்லுங்க."