‘இடிவேலன் 2’ நல்லா இல்லீங்க

‘இடிவேலன் 2’ வெளியான அன்று காலை, சுபிக்‌ஷா வழக்கம்போல் தியேட்டர் வாசலில் மைக்கோடு நின்றிருந்தாள். கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கூட்டமாக வெளியே வரும் வழக்கம் போய்ப் பல வருடங்களாகிவிட்டது. அவரவர் படம் அவரவருக்கு எப்போது முடிகிறதோ அப்போது வருவார்கள்.

“படம் எப்படிங்க இருந்துச்சு?”

“வேற லெவல்ங்க!”

“உங்களுக்குங்க தம்பி?”

“சொல்ல வார்த்தையே இல்லீங்கக்கா. எனக்குன்னே எடுத்த மாதிரி இருந்துச்சு.”

அவனுக்கென்றேதான் எடுத்திருந்தார்கள். கையில் கட்டிய மனக்காப்பு, அவன் எதற்குச் சிரித்தான், எதற்கு அழுதான், எந்தக் காட்சியில் நாடித்துடிப்பு எகிறியது என்று வருடக்கணக்காகக் குறித்து வைத்திருக்கும். அவன் இருக்கையில் சாய்ந்ததும், அந்தக் குறிப்பை வைத்து அவனுக்கான தனிப்படம் தயாராகி, தலைக்கவசத்துக்குள் ஓடத் தொடங்கும். தலைப்பும் நாயகனும் ஊருக்கெல்லாம் ஒன்று. மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. கோடி கோடியாகக் கொட்டிய பணம் கணினிகளுக்குத்தான் போனது.

அதனால் எந்தப் படமும் தோற்பதில்லை. விமர்சகர்கள் என்றொரு கூட்டம் இருந்ததும் மறந்துபோயிற்று. யார் எந்தப் படத்தை விமர்சிப்பது? விளம்பரத்துக்கு நான்கு சிரித்த முகங்கள் வேண்டுமே என்பதற்காக சுபிக்‌ஷாவின் வேலை மட்டும் மிச்சமிருந்தது. அவளுடைய மைக்கில் இரண்டே பொத்தான்கள்: ‘நன்று’, ‘மிக நன்று’.

தூணருகே காத்திருந்த ஓர் அப்பா, வெளியே ஓடிவந்த மகளை வாரி எடுத்துக்கொண்டார்.

“அப்பா, அந்த யானை ஹெலிகாப்டரை இழுத்துச்சே, பாத்தீங்களா!”

“யானையா கண்ணு? எனக்கு யானையே வரலியே.”

குழந்தையின் முகம் ஒரு கணம் வாடியது. அவர் அவள் தலையைத் தடவிவிட்டு, வண்டியை நோக்கி நடந்தார். இருவரும் அப்புறம் பேசவில்லை.

சுபிக்‌ஷா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ‘இடிவேலன்’ முதல் பாகம் வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊருக்கெல்லாம் ஒரே படம் ஓடிய கடைசிக் காலம் அது. இடிவேலன், மனைவி மரகதத்தை ரயிலடியில் நிறுத்திவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவான். அவன் நண்பன் தங்கப்பன் அணையில் விழுந்து சாவான். காந்திபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து பொள்ளாச்சியில் இறங்கும்வரை அவளும் வருணும் சண்டை போட்டார்கள். “பொண்டாட்டி நிக்கிறா, ஒரு தடவை திரும்பிப் பாத்தா என்னவாம்?” என்பது அவள் கட்சி. “ஹீரோன்னா அப்படித்தான்டி” என்பது அவன் கட்சி. பஸ்ஸில் பாதிப் பேர் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு தனிப்படம் வந்தது; அதைத் தொடர்ந்து தனிப்பாட்டு, தனிச்செய்தி. ஒரே சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சிரிப்பான், அவள் அழுவாள். “எப்படி இருந்துச்சு?” “சூப்பர்.” “எனக்கும்.” அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? சண்டை போட ஒன்றுமே இல்லாமல் ஒருநாள் பிரிந்தார்கள். அவன் பெங்களூருக்குப் போனான். வாசலில் நின்று வழியனுப்பினாள். அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று விடிகாலைக் காட்சியில் ஊழியர்களோடு உட்கார்ந்து அவளும் இரண்டாம் பாகம் பார்த்திருந்தாள். மரகதத்தைக் காணவே காணோம். செத்துப்போன தங்கப்பன் எப்படியோ பிழைத்து வந்திருந்தான். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அவனும் இடிவேலனும் லாரி பானெட் மேல் ஏறி உட்கார்ந்து, டீ குடித்து, ஒன்றுக்கும் உதவாத கதை பேசினார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவள், வேலைக்கு நேரமானதைச் சாக்கிட்டு முடியுமுன்பே எழுந்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. தனிப்படம் பிடிக்கவில்லை என்றால் படத்தில் குறையில்லை, பார்த்தவளிடம்தான் குறை என்பார்கள். தன் மனசே தனக்கு அந்நியமாகிவிட்டதோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கேன்டீன் பக்கமிருந்து ஒருவர் வந்தார். அவள் வயதுதான் இருக்கும். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். முகத்தில் வழக்கமான அந்தச் சிரிப்பு இல்லை.

“படம் எப்படிங்க இருந்துச்சு?”

“நல்லா இல்லீங்க.”

அவள் விரல் பொத்தானுக்குப் போய் அப்படியே நின்றது. “என்னங்க சொன்னீங்க?”

“நல்லா இல்லைன்னேன். இடைவேளையோட எந்திரிச்சு வந்துட்டனுங்க. விடிகாலைல வந்து உக்காந்தா, சண்டைப் படத்துல ஒரு சண்டையில்லை. இடிவேலன் நேரா வீட்டுக்கு வர்றான். அடுப்படில நின்னு ரசம் வெக்கிறான்! அதுவும் கொஞ்ச நேரமில்லீங்க. புளியைக் கரைச்சு, பூண்டு தட்டி… மரகதம் வாசப்படியில உக்காந்து பாத்துட்டே இருக்குது. ‘அன்னைக்கு நான் திரும்பிப் பாத்திருக்கணும் மரகதம்’ங்கிறான். எனக்குத் தூக்கமே வந்துருச்சு.”

சுபிக்‌ஷாவின் காது மடல் சூடானது. யாரோ அவள் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் தெருவில் பரப்பியதுபோல் இருந்தது. குனிந்து அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். மனக்காப்பில் மருதமலைக் கோயில் சிவப்புக் கயிறு சுற்றியிருந்தது. எல்லாக் காப்பும் ஒரே மாதிரி இருப்பதால், அடையாளத்துக்கென்று அவளும் அதே கயிற்றைத்தான் கட்டியிருந்தாள். நுழைவாயிலில் கிருமிநீக்கத் தட்டில் எல்லோரும் கழற்றி வைத்து எடுக்கும்போது மாறியிருக்குமோ…

“உங்க காப்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. உள்பக்கம் ‘சு’ன்னு கீறியிருக்குங்களா?”

அவர் பார்த்தார். அவளைப் பார்த்தார். “அட சாமி. அப்ப என்னுது?”

அவள் தன் காப்பிருந்த கையை நீட்டிக் காட்டினாள்.

“ஊருல ஒருத்தருக்கும் தோணாத யோசனைன்னு நெனச்சுக் கட்டினேன் இந்தக் கயித்தை” என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள். கோகுல்நாத் என்று பெயரைச் சொன்னார். கணபதி பகுதியில் பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறாராம். பிறகு சிரிப்பு நின்று, தயங்கினார். “அப்ப நீங்க… என்னுதைப் பாத்தீங்களா? எப்படிங்க இருந்துச்சு?”

வருண் போன பிறகு, படம் எப்படி இருந்தது என்று அவளை யாரும் கேட்டதில்லை. எத்தனையோ ஆயிரம் பேரிடம் அவள் கேட்ட கேள்வி. பதில் சொல்லத்தான் தெரியவில்லை.

“போர்தானுங்க” என்றாள். “ஆனா தங்கப்பன் உயிரோட இருக்கான்.”

அவர் முகம் மாறியது. “இருக்கானா?”

“லாரி மேல உக்காந்து டீ குடிக்கிறாங்க ரெண்டு பேரும். சும்மா பேசிட்டே இருக்காங்க. வெயில் நெம்ப ஜாஸ்தின்னு சொல்றான், பஸ் லேட்டுன்னு சொல்றான்.”

“நாசர் அப்படித்தான் பேசுவான்” என்றார் அவர் மெதுவாக. “பட்டறையில என் கூட்டாளி. போன வருசம் தவறிட்டான்.” “கடைசில என்ன ஆகுது?”

“கடைசி நான் பாக்கலீங்க, டூட்டி. நீங்க உள்ள போனா விட்ட இடத்துல இருந்து ஓடும்.” அவருடைய காப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அவரும் அவளுடையதைக் கழற்றினார். அவள் அதை வாங்காமல் கேட்டாள்: “ஏனுங்க, மரகதம் மன்னிச்சாளா?”

“அதுக்குள்ள எந்திரிச்சுட்டனுங்களே.”

அவள் தலையாட்டினாள். இத்தனை வருடங்களாக அவள் மனசில் ஓடிய கேள்வி அது. தனியாகப் போய் உட்கார்ந்து அதற்குப் பதில் பார்க்க ஏனோ தைரியம் வரவில்லை.

கோகுல்நாத் கைக்கொன்றாக இரண்டு காப்புகளையும் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றில் தங்கப்பன் டீயோடு காத்திருந்தான். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“தங்கப்பன் எங்கயும் போயிர மாட்டான். இங்க இடிவேலன் ரசத்தைக் கொதிக்க விட்டுட்டு நிக்கிறான். அதை மொதல்ல பாத்து முடிச்சுட்டு வந்து சொல்றனுங்க.”

அவர் உள்ளே போய்விட்டார். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேற லெவல். மெர்சல். எனக்குன்னே எடுத்த மாதிரி. ஒவ்வொருவரும் சிரித்த முகத்தோடு தனியாக வெயிலில் இறங்கிப் போனார்கள். அவள் பொத்தானை அழுத்தியபடி கதவையே பார்த்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் வந்தார். கண் சிவந்திருந்தது, குரலில் கோபம்.

“கதவைச் சாத்திப்போட்டா!”

“யாருங்க?”

“உங்க மரகதந்தான்! மனுசன் காடு மலையெல்லாம் தாண்டி வந்து, ரசம் வெச்சு, மன்னிப்பும் கேட்டான். ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சுப்போட்டு, ‘உப்பு சரியா இருக்கு, போயிட்டு வா’ன்னு சொல்லிச் சாத்திட்டா. அவன் திண்டாடிப் போய்த் தெருவுல நிக்கிறான். இதென்னங்க நியாயம்?”

சுபிக்‌ஷா மைக்கைக் கீழே இறக்கினாள். வருண் வந்தால் கதவைத் திறப்போம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். பெங்களூரிலிருந்து வரும் பஸ் சத்தத்துக்குக்கூடக் காது கொடுத்திருக்கிறாள். அப்படியில்லை என்று அவளுடைய காப்புக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை. நெஞ்சுக்குள் எதுவோ மெல்ல இறங்கி அமர்ந்தது.

“சரியாத்தான் செஞ்சிருக்கா” என்றாள்.

“என்னங்க சரி? அவன் எவ்வளவு அழுதான் தெரியுமா?”

“ஸ்டேஷன்ல அவ அழுதப்ப இவன் எங்க போனான்? ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?”

“திரும்பிப் பாத்திருந்தா அவனால போயிருக்கவே முடியாதுங்க. அதனாலதான் பாக்கலை.”

இதை வருண் சொன்னதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

“அப்ப போகாமயே இருந்திருக்கலாமில்ல?” என்றாள்.

அவர் யோசித்துக்கொண்டே கேன்டீனுக்கு நடந்து இரண்டு டீ வாங்கினார்; அவளும் கூடப் போனாள். அங்கே நாற்காலிகளை ஆளுக்கொன்றாகத் தள்ளித் தள்ளித் தரையோடு திருகி வைத்திருந்தார்கள். அதனால் இருவரும் ஒரு மேசையருகே நின்றார்கள். “இருந்தாலும் கதவைச் சாத்தியிருக்க வேண்டாமுங்க” என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். வெளியே வந்தவர்கள் இந்தச் சண்டையை வினோதமாகப் பார்த்தபடி கடந்து போனார்கள். மைக் எங்கோ ஒரு மேசைமேல் கிடந்தது. அவர் எடுத்து வைத்த, சிவப்புக் கயிறு கட்டிய இரண்டு காப்புகளும் டம்ளர்களுக்கு நடுவே கிடந்தன, எது யாருடையது என்று தெரியாமல்.