மேனேஜர் ஜன்னலுக்குக் கீழே சேறு

நிதானத்தின் வீட்டுக்கு ஏ.சி. மெக்கானிக்கின் மனைவி அழுதுகொண்டு வந்தபோது, வெயிலின் புண்ணியத்தில் தெருவில் எல்லா ஜன்னல்களும் திறந்தே இருந்தன. ஒட்டுக்கேட்க யாரும் சிரமப்படவில்லை.

துப்பறிவதில் பெயரெடுத்தவரை நிதானம் என்றும், அவர் பின்னாலேயே அலையும் மச்சினனை அவசரம் என்றும் தெருதான் அழைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர்கள்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது.

“ஆபீஸ்ல ஏ.சி. நின்னு, புழுக்கத்துல என் நாத்தனார் சுருண்டு விழுந்துட்டாங்க. இன்னும் கண்ணு முழிக்கல. மெஷினப் பாத்துக்கிறது அவங்க தம்பி, என் வீட்டுக்காரருதான். அவரோட அசட்டைன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நாத்தனார் புருஷன் அத நம்பி, இவர ஆஸ்பத்திரி வாசல்லயே விரட்டிட்டாரு.”

“மெஷின்ல கோளாறா?”

“இல்லையாம். தானா நிக்குதாம். யாரு நம்புவா?”

அலுவலகக் கூடத்தில் எல்லோரும் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மேசை விசிறி கொண்டுவரக் கூடாது என்ற மேனேஜரின் உத்தரவு சுவரில் தொங்கியது. கூடத்தில் பாதியை விழுங்கிப் புதிதாக எழுந்திருந்த அவருடைய அறை பூட்டியிருந்தது.

மேனேஜர் வெளியே நின்றே பேசினார். “நானும் இவங்களோட சேர்ந்துதான் சார் வேகுறேன்.” சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

“மெஷின எது நிறுத்துது?” என்று நிதானம், கூட வந்திருந்த மெக்கானிக்கைக் கேட்டார்.

“சூட்ட அளக்குற பெட்டி சார். ரூம் குளுந்தா நிறுத்திடும். தடுப்பு வச்சதுல அது சார் ரூமுக்குள்ள மாட்டிக்கிச்சு. உள்ளயும் இதே சூடுதானேன்னு விட்டுட்டேன்.”

கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்த அவசரம் நொண்டிக்கொண்டு வந்தான். “மாமா, புதுச் செருப்பு. சேத்துல முங்கிடுச்சு.”

“உனக்குன்னு எங்கடா சேறு கெடச்சுது? ஊரே வெடிச்சுக் கெடக்கு.”

“இவரு ஜன்னலுக்கு நேர் கீழ.”

நிதானம் எல்லோரையும் அந்தக் கதவருகே அழைத்தார். “மழை இல்ல, குழாய் இல்ல. இவர் ஜன்னலுக்குக் கீழ மட்டும் தண்ணி சொட்டுது. எல்லாரும் வேர்வையில நனைஞ்சு நிக்கிறோம், இவர் சட்ட மட்டும் காஞ்சிருக்கு. உள்ள தனியா ஒரு ஏ.சி. ஓடுது. அந்தக் குளுமையப் பாத்துட்டு, ஆபீஸே குளுந்துடுச்சுன்னு பெட்டி பெரிய மெஷின நிறுத்துது. சாவி குடுங்க சார்.”

கதவு திறந்ததும் கால்களில் குளிர் ஏறியது. திரைக்குப் பின்னால் சின்ன ஏ.சி. சாதுவாக முனகிக்கொண்டிருந்தது. நாற்காலி முதுகில் ஒரு கம்பளிச் சட்டை.

“எனக்கு வேர்வை ஒத்துக்காது,” என்றார் மேனேஜர்.

“எங்கக்காவுக்கு ஒத்துக்குமா சார்?” என்றார் மெக்கானிக். யாரும் விசிறவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் அக்காள் புருஷன் தலைகுனிந்து வழிவிட்டார். அக்காள் கண் விழித்திருந்தாள். கட்டிலருகே வந்து நின்ற தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ரொம்பப் புழுங்குது,” என்றாள், வெளி ஆளிடம் பேசும் மரியாதையோடு. “ஏ.சி. பாக்க என் தம்பி ஒருத்தன் இருக்கான். அவனக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?”