பாறைக்குழியில் சீயக்காய் வாசம்

கடலோரப் பாறைக்குழியில் சீயக்காய் வாசம் அடித்தது.

கருப்பணன் மூச்சை இழுத்துப் பார்த்தார். உப்பு இல்லை, பாசி இல்லை, பக்கத்து மீனவர் ஊரின் கருவாட்டு நெடிகூட இல்லை. உச்சி வெயிலில், அலை நிரப்பிவிட்டுப் போன அந்த இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து, மல்லாங்கிணற்றில் அவர் தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டியின் வாசம் கிளம்பி வந்தது. நான்கு வருடத்துக்கு முன் அந்தத் தொட்டியில்தான் வீட்டார் எல்லோரையும் தலைமுழுக வைத்தார். திருத்தங்கலில் வெடிக் கம்பெனி வேலைக்குப் போகும் சோணைமுத்துவை மகள் வீரலட்சுமி கட்டிக்கொண்ட மறுநாள் அது. உயிரோடு இருந்தவளுக்குச் சாவு முழுக்கு.

"அவ செத்துட்டா. வாசங்கூட மிஞ்சக்கூடாது, நல்லாத் தேய்ங்க" என்றார்.

அடுத்த தீபாவளி சீசனில், புருசனோடு அதே கம்பெனிக்கு வேலைக்குப் போன அவள் நிஜமாகவே வெடி விபத்தில் போனாள். பிணவறையில் போலீஸ்காரர் துணியை விலக்கியபோது, "யாருன்னு தெரியலையே" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டு வந்தவர் அவர். சாம்பலைப் புருசன் கடலில் கரைத்தானாம். எந்தக் கரை என்று அவர் கேட்கவில்லை.

"தாத்தா, தண்ணி சில்லுன்னு இருக்கு" என்ற பேத்தி பிரீத்திகா மூக்கைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் முங்கினாள்.

எழுந்தாள். கரையில் கிடக்கும் வலையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"வாத்தா, துவட்டிவிடுறேன்" என்று துண்டை நீட்டினார். பிள்ளை தன் அப்பன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது.

"அப்பா, அந்தத் தாத்தா யாரு?"

மகன் விக்னேஷ்குமார் சிரித்தான். "வம்பு பண்ணாத, கழுத" என்றபடி அவனும் முங்கினான். எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டான்.

"பெரியவரே, யாரைத் தேடுறீக? கூட வந்தவகளைத் தவறவிட்டுட்டீகளா?"

துண்டு நழுவியது. வாசம் கூடியது. நாக்கில் கசந்தது.

மனைவி பாண்டிலட்சுமி பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை இன்னும் நனையவில்லை.

"இறங்காத. சொன்னாக் கேளு."

அவள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, முகம் மலர்ந்தது. நான்கு வருடமாக அவர் காணாத மலர்ச்சி.

"அன்னைக்கு நீங்க சொன்னீகன்னு முழுகுனேன். இன்னைக்கு எம் மக கூப்புடுறா."

கொண்டையை அவிழ்த்தாள். முங்கினாள்.

எழுந்தவள், அந்நிய ஆம்பளைக்கு ஒதுங்குவதுபோல முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, அவரைச் சுற்றி நடந்து போனாள்.

மூவரும் எல்லோரும் சேர்ந்து வந்த காரில் ஏறினார்கள். அவர் ஓடினார். செருப்பு இல்லை. பாறை சுட்டது.

"நாந்தான்டா. ஒங்கப்பன்டா."

வலையைச் சரிசெய்துகொண்டிருந்த இரண்டு மீனவர்கள் தலை தூக்கினார்கள்.

"யாருப்பா அது?"

"யாருன்னு தெரியலையே."

கார் நகர்ந்தது. முன் இருக்கை. அவருடைய இருக்கை. காலியில்லை. ஜன்னலுக்கு வெளியே நீளமாக ஈரக் கூந்தல். பின்னாலிருந்து அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தன பிரீத்திகாவின் கைகள்.

யாரும் திரும்பவில்லை. கருகிய கையொன்று வெளியே வந்து, கூந்தலை முறுக்கி, நிதானமாகப் பிழிந்தது.