தாய் சேர்ப்பு

அந்தப் பண்ணையில் ஒரு தாயின் விலை ஒரு தோலும் நாலு நாளும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பயிற்சிக்கு வந்த மூன்றாம் நாளே அவள் அந்த வியாபாரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டாள்.

குட்டி செத்துப்போன ஆடு ஒன்று மடி கனத்துக் கத்திக்கொண்டிருக்கும். தாய் செத்துப்போன குட்டி ஒன்று பசியில் கத்திக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒன்றாக விட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைப்போம், ஆடு அப்படி நினைப்பதில்லை. மோந்து பார்க்கும். வேற்று வாசனை என்றால் ஒரே முட்டில் குட்டியைச் சுவரோடு சேர்த்துவிடும். அதனால் பண்ணைக்காரர் செத்த குட்டியின் தோலைச் சட்டை கழற்றுவதுபோல் முழுசாக உரித்து, நாலு காலுக்கு நாலு ஓட்டையோடு, அநாதைக் குட்டிக்கு மாட்டிவிடுவார். தாய் மோந்து பார்க்கும். தயங்கும். மறுபடியும் மோந்து பார்க்கும். பிறகு வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் பேரம் படிந்தது. நாலு நாளில் அதன் பாலே குட்டியின் உடம்பில் ஊறி, அதன் வாசனையே வந்துவிடும். அப்புறம் தோலைக் கழற்றி எறியலாம்.

இதற்குத் தாய் சேர்ப்பு என்று பெயர். கணக்கு, கொட்டில் வாசலில் மாட்டிய கரும்பலகையில். இடது பக்கம் குட்டியை இழந்த தாய்கள், வலது பக்கம் தாயை இழந்த குட்டிகள். ஒவ்வொன்றுக்கும் காதில் தொங்கும் வில்லையின் எண். சேர்த்ததும் குறுக்கே ஒரு கோடு. மாதக் கடைசியில்தான் துடைப்பார்கள்.

அவள் சித்தப்பாவின் துணிக்கடையில் வளர்ந்தவள். கணக்கு உதைத்தால் சோறு இறங்காது. இடது பக்கம் ஒன்று கூடுதலாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. மாதாமாதம் பலகையைத் துடைத்த துணி அந்த வரியை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"இந்த ஆட்டுக்கு நம்பர் இல்லையே சார்?"

"அது பழைய பாக்கி," என்றார் பண்ணைக்காரர், வாளியைக் கழுவியபடியே. "தோதான குட்டி அமையல."

பட்டயப் படிப்பு முடிய அவளுக்குத் தொண்ணூறு நாள் பண்ணைப் பயிற்சி வேண்டும். தொண்ணூறாம் நாள் பண்ணைக்காரரின் கையெழுத்து, அது இல்லையென்றால் இரண்டு வருடப் படிப்பும் காற்றோடு போயிற்று. சேர வந்த அன்று, சம்பளம் மாதம் இவ்வளவு வேண்டும் என்று, குறைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்து ஒன்றரை மடங்காகக் கேட்டிருந்தாள். அவர் சரி என்றார். கேட்ட விலைக்குத் தலையாட்டுகிற ஆளைக் கண்டால் சித்தப்பா கடைக்குள் போய் இருப்பை இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பார். அவளும் எண்ணியிருக்க வேண்டும். பண்ணைக்காரர் அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அம்மா இருக்காங்களா?"

"நான் பொறந்தப்பவே போயிட்டாங்க சார். சித்திதான் வளத்தாங்க."

சித்தியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதையும் அளந்துதான் போட்டாள், மீட்டருக்கு மேல் ஒரு விரல்கடை கொசுறு கிடையாது.

பண்ணையில் எல்லாவற்றையும் கழுவினார்கள். விடியுமுன் ஐந்து மணிக்கு மடி கழுவி, கறந்து, கேன் கழுவி, புழுக்கை வழித்து, தரை கழுவி, தண்ணீர்த் தொட்டி தேய்த்து, பினாயில் வாடையோடுதான் அவள் சாப்பிடவே உட்காருவாள். கழுவாத பொருள் ஒன்றே ஒன்று. முதல் நாள் அவளுக்கென்று ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்த நீலக் கோட்டு. கம்பளியும் பருத்தியும் கலந்த நெசவு, காலரில் எண்ணெய்ப் பிசுக்கு, கக்கத்தில் யாருடையதோ பழைய வியர்வை. தோய்க்கப் போனவளைப் பண்ணைக்காரர் தடுத்தார்.

"தோய்க்காதம்மா. அப்படியே போட்டுக்க."

அறையில் இருந்த பூட்ஸ் அவள் காலுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. தலையணையில் ஏற்கெனவே ஒரு குழி. சோப்பு பாதி கரைந்திருந்தது. மாடியில் பண்ணைக்காரரின் மனைவி உடம்பு முடியாமல் இருப்பதாகச் சொன்னார்கள். கூரைப் பலகை வழியே காலடி மட்டும் கேட்கும், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, திரும்பி அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு. குட்டியைப் பிரித்த ஆடு அப்படித்தான் நடக்கும்.

பால் வண்டிக்காரர் அவளை முதலில் பார்த்தபோது கையிலிருந்த கேன் நழுவியது.

"யம்மா, ஒரு நிமிஷம் உசுரே போச்சு. பின்னாடி பாத்தா அப்படியே அவங்க பொண்ணு."

"முன்னாடி பாத்தா?"

"முன்னாடி பாத்தா சாப்பாடு பத்தாத பொண்ணு." சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "கோட்டுதாம்மா அப்படிக் காட்டுது. போன மழைக்குக் காய்ச்சல்ல போச்சு அந்தப் புள்ள. மூணே நாள். யாரையும் கூப்பிடல, இவரே பண்ணைக்குள்ள வெச்சு முடிச்சிட்டாரு. பெத்தவ மொகத்தக்கூடப் பாக்கலையாம்."

"செத்தவங்க கோட்டா இது?"

"ஓசில வந்துச்சுன்னு நெனச்சுக்க. குளிருக்கு ஆவும்."

அன்றைக்குப் பாலில் தண்ணீர் என்று வழக்கமாக இழுக்கும் தகராறைக்கூட இழுக்காமல் வண்டியைக் கிளப்பினார்.

ஐம்பதாம் நாள் மாடியிலிருந்தவள் இறங்கி வந்தாள். பயிற்சிப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் படி ஒவ்வொன்றாக முனகியது. திரும்புவதற்குள் பிடரியில் மூச்சு பட்டது. வெதுவெதுப்பாக, ஈரமாக, உள்ளே இழுக்கிற மூச்சு. காலரில் மூக்கு உரசியது. தண்ணீர் குழாயில் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு கை வந்து அவள் தலைமுடியைக் கோதியது.

"சாப்டியா கண்ணு?"

இருபத்தாறு வருடத்தில் அவளிடம் யாரும் அந்தக் கேள்வியை அந்தக் குரலில் கேட்டதில்லை. முதலாளி மனைவியை எந்த ஊரிலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "சாப்டேன்மா," என்றாள். தலை தானாக அந்தக் கைக்குள் சாய்ந்தது. அது பயத்தில் இல்லை என்பதுதான் பிறகு அவளை அதிகம் பயமுறுத்தியது.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். காய்ச்சிய பாலைத் தானே கொண்டுவந்து குடிக்கச் சொல்லி நிற்பாள். கடைசிச் சொட்டுவரை பார்ப்பாள். முடி கோதுவாள். ஆனால் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். பண்ணைக்காரர் கதவோரம் நின்று, புதிதாகச் சேர்த்த ஆட்டைக் கவனிப்பதுபோல் இருவரையும் கவனிப்பார்.

எழுபத்திரண்டாம் நாள் காலரில் மூக்கை வைத்தவள் நின்றாள். மறுபடி வைத்தாள். எழுபது நாள் வியர்வையில் கோட்டு முழுக்கப் பயிற்சிப் பெண்ணின் வாசனையே ஏறியிருந்தது. நெற்றியால் ஒரு முட்டு. கண் இமைக்குமுன் பயிற்சிப் பெண் தொட்டி விளிம்பில் மோதி விழுந்தாள், உதடு கிழிந்தது. மாடியில் அன்றிரவு முழுக்கக் காலடி.

"துணில வாசன தங்காது," என்றார் பண்ணைக்காரர், தனக்குத்தானே, காயத்துக்கு மருந்து போட்டபடி. "துணின்னா அவ்வளவுதான்."

காலையில் பால் வண்டிக்காரர் உதட்டைப் பார்த்தார். "ஏறிக்கம்மா. டவுன்ல எறக்கி விடறேன். இந்தக் கேனையெல்லாம் ஏத்திட்டுப் போறவன் ஒன்ன ஏத்த மாட்டனா?"

"இன்னும் பதினேழு நாள்தாண்ணே. கையெழுத்து வாங்கணும்."

சொன்னது கையெழுத்தை. நினைத்தது முடி கோதும் அந்தக் கையை. வண்டி போய்விட்டது.

மதியம் ஒரு குட்டிக்குத் தோல் தேவைப்பட்டது. உடனே சேர்க்கக் குட்டி அமையாத தோல்களைப் பண்ணைக்காரர் பெரிய ஃப்ரீசரில் வைத்திருப்பார், ஒவ்வொரு பொட்டலத்திலும் தேதி. அவள் குனிந்து தேடினாள். குளிர் முகத்தில் அறைந்தது. அடியில், எல்லாப் பொட்டலத்துக்கும் கீழே, ஒரு பெரிய பொட்டலம். போர்வையை மடிப்பதுபோல் பக்குவமாக மடித்திருந்தது. போன மழைக்காலத் தேதி. கன்றுக்குட்டியாக இருக்கும் என்று நினைத்து மூடியைச் சாத்தினாள்.

கொட்டிலுக்குப் பாதி தூரம் வந்த பிறகுதான் நினைவு வந்தது. இந்தப் பண்ணையில் மாடு கிடையாது.

பையைக் கட்டிவைத்தாள். கையெழுத்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். காலையில் வண்டி வரும், ஏறிவிட வேண்டியதுதான். ஒரு ராத்திரி.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்குக் கரண்டு போயிற்று. சமையலறையில் ஏதோ சொட்டியது. குழாய் என்று நினைத்தாள். குழாயைத் திருகினாள். சொட்டு நிற்கவில்லை. தொட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. உறைந்த எதுவோ இளகும் வாடை, ஈரக் காசு போல.

"ஏம்மா, ஒரு நிமிஷம் வா." கொட்டிலிலிருந்து பண்ணைக்காரர் குரல். "குட்டி ஒண்ணு பால் பிடிக்க மாட்டேங்குது. புடிச்சுக்க ஆள் வேணும். கோட்டு வேணாம், வெச்சுட்டு வா."

உண்மையிலேயே ஒரு குட்டி கத்தியது. எழுபத்து மூன்று நாள் பழக்கம் காலை இழுத்துக்கொண்டு போயிற்று. மூலையில் சேர்ப்புக் கொட்டில், ஓர் ஆடு திரும்பத்தான் இடம் போதும். உள்ளே நுழைந்தாள். குட்டி பக்கத்துக் கொட்டிலில் கத்தியது. இங்கே குட்டி இல்லை. புது வைக்கோல் முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தது. ஒரு வாளித் தண்ணீர். இரண்டு தட்டு. இரண்டு தம்ளர்.

பின்னால் கொண்டி விழுந்தது.

"சார். கதவத் தெறங்க சார்."

"பயப்படாத. நாலு நாள்." ஆட்டிடம் பேசும் அதே இதமான குரல். கம்பிக்கு மேலாக அவர் கைகள் வந்தன. "அசையாம நில்லு. குட்டி அசைஞ்சா தாய் மெரளும்."

தோளில் ஏதோ விழுந்தது. கனமாக. சில்லென்று. முதுகோடு ஒட்டியது.

துணிக்கடையில் சித்தப்பா அவள் கண்ணைக் கட்டிவிட்டு வாடிக்கையாளரிடம் பந்தயம் கட்டுவார். விரல் பட்டால் போதும், துணியின் பெயர் சொல்வாள். இப்போதும் விரல்கள் அவளைக் கேட்காமல் தேடின. பருத்தி இல்லை. கம்பளி இல்லை. ஆட்டுத்தோலுக்கு மயிர் இருக்கும். இதற்கு இல்லை. பூனை மயிர் மட்டும், லேசாக. ஓட்டை நாலா? தடவினாள். இரண்டு. இடது கை ஓட்டைக்கு மேலே, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, சின்ன வட்டமாக ஒரு மேடு. நடுவில் குழி.

தடுப்பூசித் தழும்பு.

அவளுக்கும் அதே இடத்தில் இருந்தது.

வீட்டில் படி முனகியது. ஒன்று. இரண்டு. முற்றத்துச் சேற்றில் வெறுங்கால். கொண்டி எழுந்தது. விழுந்தது. வைக்கோல் நசுங்கியது. பிடரியில் மூச்சு. இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

அவள் அலறினாள். பயத்தில் எல்லோர் வாயிலும் வருகிற ஒரே சொல்தான் வந்தது.

"அம்மா..."

பின்னால், வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே,

ம்ம்ம்ம்.

கொட்டில் வாசலில் டார்ச் எரிந்தது. பண்ணைக்காரர் பலகை முன் நின்று, முதல் வரிக்கு எதிரே வலது பக்கம் எண் இல்லாமல் ஒரு சின்னக் கோடு போட்டார். பிறகு இரண்டையும் சேர்த்துக் குறுக்கே நீளமாக ஒரு கோடு. கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டு, அடியில் கூட்டி எழுதினார்.

குட்டியை இழந்த தாய்: ஏழு.
தாயை இழந்த குட்டி: ஏழு.
பாக்கி: இல்லை.