டீ நேரத்தில் சாகும் புரோகிராம்

புதன்கிழமை. காலை 11.09.

வேல்விழி வெறுங்காலோடு மணலில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மருந்து ரூம் பக்கம் ஓடக் கூடாதுன்னு தெரியாதா?" டீ கேன் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.

தெரியும். ஆனாலும் ஓடினாள். சென்சார் வயரைச் சரிபார்க்க நாலாம் நம்பர் அறைக்குப் போய்ப் பத்தே நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் டீ மணி அடித்துவிட்டது.

ஆபீசின் மூலை அறை. பழைய கம்ப்யூட்டர். திரையின் அடியில் ஒற்றை ஆங்கிலச் சொல்.

கொல்லப்பட்டது.

திங்கள் 11.12. செவ்வாய் 11.08. இன்று மூன்றாவது சாவு.

தாயில்பட்டிக்கு வெளியே இருந்த அந்தப் பட்டாசு ஆலையில், வெடிமருந்து கலக்கும் அறையின் சூடு எல்லை தாண்டினால் சங்கு ஊதி ஆட்களை வெளியேற்றும் புரோகிராம் அது. வேல்விழியே எழுதியது. அவளுடைய அம்மா மாரிசெல்வி வெடிவிபத்தில் போனது அந்த நாலாம் நம்பர் மருந்து அறையில்தான். அப்போது வேல்விழிக்கு ஏழு வயது.

சென்சார் கார்டு இந்தக் கிழட்டு இயந்திரத்தில் மட்டும்தான் பொருந்தும். வேறு இடத்தில் கம்பைல் செய்து, அதாவது எழுதிய வரிகளை இயந்திரத்துக்குப் புரியும் வடிவில் கட்டி, கொண்டுவந்தால் இது ஏற்காது. இங்கேயேதான் கட்ட வேண்டும். மூன்று மணி நேரம் பிடிக்கும்; நடுவில் செத்தால் மறுபடி முதலிலிருந்து. மெமரி இரண்டு ஜிபி. அதற்கு மேல் ஏற்ற வழியில்லை.

"என்னம்மா, இன்னைக்கும் பொட்டுன்னு போயிருச்சா?" வாசலில் மானேஜர் முத்துக்கிருஷ்ணன். "நாலு மணிக்குச் சோதனைக்கு ஆபீசருக வாராக. சங்கு ஊதலைன்னா இந்த டப்பாவத் தூக்கி வெளிய போட்டுட்டு, பழையபடி சுவத்துல ஒரு தெர்மாமீட்டர மாட்டிருவேன். பெறவு எங்கிட்ட வராத."

சங்கு ஊதினால் சீசன் நேரத்தில் வேலை நிற்கும். அது அவருக்குப் பிடிக்காது. வேல்விழி நேரடியாகக் கேட்டாள்.

"பதினோரு மணிக்கு எங்கன இருந்தீக அண்ணாச்சி?"

"கேட்டுல. செல்போனப் போட்டு வைக்கிற பெட்டிகிட்ட நின்னு பேசிட்டிருந்தேன். வாட்ச்மேனக் கேளு. என்ன, போலீஸ் வேலைல சேந்துட்டியோ?"

11.20. இயந்திரத்தின் குறிப்பேட்டைத் திறந்தாள். யார் எப்போது மெமரிக்குள் வந்தார்கள், எவ்வளவு இடம் பிடித்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். ஆலையில் ஓர் அறைக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் நுழைந்தால் போர்மேன் அவனைத்தான் விரட்டுவார். இந்த இயந்திரத்தின் நியாயம் வேறு. கூட்டம் தாங்காமல் போனால், இருப்பதிலேயே பெரிய ஆளைப் போட்டுத் தள்ளும். செத்தவன் குற்றவாளி அல்ல. பிந்தி வந்தவனைத் தேட வேண்டும்.

பிந்தி வந்தது லேபிள் வரையும் சாப்ட்வேர். 11.04. அதில் அச்சுக்குப் போகும் அளவில் ஒரு பெரிய படம். மூன்று நாளும் அதே படம். ஐந்து நிமிடத்தில் மூடப்பட்டிருந்தது.

லேபிள் டிசைனர் மாரிக்கண்ணனைப் பிடித்தாள்.

"நானா? அந்தக் கிழட்டு மெசினத் தொட்டு ஏழு வருசமாச்சு தாயி. நீ வந்துதான மூடாக்க எடுத்த?" படத்தின் பெயரைப் பார்த்துச் சிரித்தான். "இது பழைய மத்தாப்பூ லேபிள். மொதலாளி பேத்தி பிரீத்திகா கம்பி மத்தாப்பூ பிடிச்சிட்டு நிப்பாள்ல, அது. மூஞ்சி அப்பிடியே ஸ்கிரீன்ல சின்னதாத் தெரியும். ரெண்டு தட்டு தட்டுனா யாரும் திறக்கலாம்."

வேலை நேரத்தில் எந்தக் கதவையும் பூட்டக் கூடாது என்பது ஆலை விதி. ஆக, யாரும் வரலாம்.

வேல்விழி மவுசை வெளிச்சத்தில் திருப்பினாள். அதன் முதுகில் மீன் செதில் போல ஒரு மினுக்கம். மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர்.

"டீ ஆறிப் போகுது பிள்ள." மருந்து அறை போர்மேன் சண்முகத்தாய் டம்ளரை நீட்டினாள். ஐம்பதைத் தாண்டியவள். விரல்கள் வெள்ளியாய் மின்னின.

வேல்விழி டம்ளரை வாங்கவில்லை. அந்த விரல்களையே பார்த்தாள்.

"அத்த, மருந்து ரூம் ஆளுக கை கழுவாம டீயத் தொடக் கூடாதுன்னு நீங்கதான சட்டம் போட்டீக? கழுவ அஞ்சு நிமிசம் ஆகும். அந்த அஞ்சு நிமிசம் மூணு நாளா இங்கன போகுது. புரோகிராமக் கொன்னது நீங்கதான்."

சண்முகத்தாய் டம்ளரை மேசையில் வைத்தாள்.

"படம் பாத்தா செத்துப் போவுமா? சத்தியமாத் தெரியாதுடி. அந்தச் சங்கு ஊதணும்னு உனக்கு முன்ன நெனச்சவ நான்."

"பிரீத்திகா மூஞ்சில அம்புட்டு என்ன இருக்கு?"

"திறந்து பாரு."

"இப்ப முடியாது. ரெண்டும் ஒண்ணா நிக்க இதுல இடமில்ல."

11.40. மறுபடி தொடங்கினாள். சண்முகத்தாய் கை கழுவி, வேறு ஆளை அறையில் நிறுத்திவிட்டு வந்து, வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். மானேஜரைக்கூட உள்ளே விடவில்லை.

வெளியே வெயில் வெள்ளையாய்க் கொதித்தது. காயப்போட்ட திரிகளில் பச்சையும் சிவப்பும் ஆடாமல் கிடந்தன. தூரத்துக் கொட்டகைகள் தண்ணீருக்குள் நிற்பவை போல நெளிந்தன. திரையில் வரிகள் ஒவ்வொன்றாய் மேலேறி மறைந்தன. வேல்விழிக்குக் கண் சொருகியது. விழித்தபோதும் கனவு கலையாத மாதிரி, அந்த வரிகள் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தன.

2.47. முடிந்தது. சாவு இல்லை.

சென்சாரைச் சூடு காட்டிச் சோதித்தாள். சங்கு ஊதியது. நீளமாக, கொட்டகை கொட்டகையாகத் தாண்டி ஊதியது. எங்கோ மானேஜர் காதைப் பொத்திக்கொண்டு திட்டுவது கேட்டது.

வேல்விழி கம்பைலரை மூடிவிட்டுப் படத்தைத் திறந்தாள்.

நடுவில் மத்தாப்பூவோடு பிரீத்திகா. சுற்றிலும் மெல்லிய சிவப்புக் கோடு. அச்சானதும் கத்தி இறங்கும் இடம். பெட்டிகளில் ஊரெல்லாம் போனது அதற்கு உள்ளே இருந்தது மட்டும்தான்.

கோட்டுக்கு வெளியே, ஆயுத பூஜை வாழைமரத்தின் பக்கத்தில், இரண்டு இளம்பெண்கள் தோளில் கை போட்டு நின்றார்கள். ஒருத்தி சண்முகத்தாய். இன்னொருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கும் வோட்டர் கார்டில் அம்மாவின் முகம் கரி அப்பியது போல இருக்கும். அவள் சிரிப்பை வேல்விழி பார்த்ததாக நினைவில்லை.

"நீ மூடாக்க எடுத்ததுலேருந்து தெனமும் அஞ்சு நிமிசம் வந்து அவகிட்டப் பேசுவேன்," என்றாள் சண்முகத்தாய், திரையைப் பார்க்காமல். "எங்கிட்ட எதுவும் கேக்க மாட்டா. நீ கேட்டுட்ட. அன்னைக்கு எனக்குக் காச்சல். 'நீ வீட்டுல கெட, நான் பாத்துக்கிடுதேன்'னு எம்பேர்ல அவ போனா. நாலாம் நம்பர்ல அன்னைக்கு நிக்க வேண்டியது அவ இல்லடி. நான்."