பாலத்தில் நின்ற வண்டி

எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'ஒண்ணுமில்ல'. எந்த வண்டி வந்தாலும், டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தாலும், ஸ்கேனரைச் செருகுவார். அது காட்டும் பழுது எண்ணைப் படிக்கக்கூட மாட்டார். அழிக்கும் பட்டனை அமுக்குவார், விளக்கு அணையும். "ஒண்ணுமில்ல சார், எடுத்துட்டுப் போங்க." அந்த மனிதரை மெக்கானிக் என்று சொன்னால் மெக்கானிக்குகளுக்கே அவமானம். அவரிடம் எலெக்ட்ரீஷியனாக இருந்த எனக்கும்தான்.

அன்று மதியம் ஒரு பெண் சாம்பல் நிறக் கார் ஒன்றை ஓட்டி வந்தாள். பின்பக்க பம்பர் மட்டும் புதிது. ஷெட்டின் சரிவில் ஏற்றி, சுவரைப் பார்த்து நிறுத்தினாள்.

"மூணு மாசம் முன்னாடி எங்க அண்ணன் இப்ப எரியுற இதே என்ஜின் லைட்டுக்காக இங்க வந்தார் சார். ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டீங்க."

"இருக்கும்மா. தினம் எத்தனையோ வண்டி வருது."

"அன்னிக்கு சாயங்காலமே பாலத்துல ஏறுறப்ப என்ஜின் நின்னுடுச்சு. என்னை ஸ்டியரிங்ல உக்கார வச்சுட்டு அண்ணன் இறங்கித் தள்ளினார். பின்னாடி ஒரு லாரி..."

அவள் முடிக்கவில்லை. நான் அந்தப் புது பம்பரைப் பார்த்தேன்.

"விதிம்மா," என்றார் முதலாளி, ஸ்கேனரைச் செருகியபடி.

திரையை நான் எட்டிப் பார்த்தேன். கிராங்க் சென்சார். என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டைவிரல் அளவு பொருள். அது செத்தால் ஓடும் வண்டி நடுரோட்டில் அணைந்துவிடும். மாற்ற அரைமணி நேரம் போதும்.

அவர் அழித்தார். விளக்கு அணைந்து, மீண்டும் எரிந்தது. ஐந்து முறை அழித்தார். ஐந்து முறையும் எரிந்தது.

"பேட்டரியைக் கழட்டுடா," என்று என்மேல் எரிந்து விழுந்துவிட்டு, பானெட்டுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றார்.

கழற்றினேன்.

விளக்கு அணையவில்லை.

ஷெட்டுக்குள் கருகிய ரப்பர் நாற்றம் எழுந்தது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்த கார், சக்கரம் சுழலாமல், சிமெண்டைத் தேய்த்துக்கொண்டு சரிவில் ஒரு விரற்கடை மேலே ஏறியது.

நின்றது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

என்ஜின் அல்ல. வண்டிக்குப் பின்னால், ஓர் ஆள் மூச்சு வாங்கும் சத்தம்.

மறுபடி ஏறியது. முன்பக்க பம்பர், சுவரோடு ஒட்டி நின்ற முதலாளியின் முழங்காலைத் தொட்டது. பின்னால் யாருமில்லை. வெயில்தான் கொட்டிக் கிடந்தது.

"இப்ப சாவியைத் திருப்பு, பாப்பா," என்றது ஒரு குரல், மூச்சிரைக்க.

ஓட்டுநர் இருக்கையில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "கொஞ்சம் பொறு அண்ணா. சரி பண்ணிடுவாங்க."

வண்டி நின்றது. ஆனால் பின்னுக்கு நகர்த்தப் பார்த்தால் மலைபோல் அசையவில்லை. முதலாளியின் பேன்ட் நனைந்திருந்தது.

புது சென்சாரோடு நான்தான் வண்டிக்கு அடியில் புகுந்தேன். பின்சக்கரங்களுக்கு அப்பால் இரண்டு கால்கள் தெரிந்துவிடுமோ என்று கண்ணை இறுக்கி மூடி, தடவித் தடவியே மாட்டினேன். பேட்டரியை இணைத்ததும், "திருப்புங்கம்மா" என்றேன். என்ஜின் சீராகப் பிடித்தது. விளக்கு அணைந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அழுதுகொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்தார். "ஹேண்ட்பிரேக் லூஸுடா, அதான் நகந்துச்சு." மேட்டில் ஏறும் லூஸு ஹேண்ட்பிரேக்கை உலகத்திலேயே இவர் ஒருவர்தான் கண்டுபிடித்திருந்தார்.

பத்து மணிக்கு ஒரு வேன் வந்தது. ஓட்டி வந்தவர் டீ குடிக்கப் போனார். முதலாளி ஸ்கேனரைச் செருகினார், படிக்காமலேயே அழித்தார். வேனுக்கு முன்னால் வந்து நின்று, டீக்கடைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல சார்!"

ஆளில்லாத வேனுக்குப் பின்னால், தள்ளுவதற்கு முன் யாரோ உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.